குமிழி வராத ஆள்

அத்தியாயம் 3

"செத்தவன் பொண்டாட்டி நான் இல்ல. அவ வேற எங்கயாச்சும் இருப்பா. தேடிப் பாருங்க."

குவாரி மேட்டில் உட்கார்ந்திருந்த வீராயி இதைச் சொன்னது ஏட்டிடம். அவர் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றார். தர்மராஜ், வயது நாற்பத்தொன்று, கடற்படையில் முக்குளிப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்று காலை எட்டு மணிக்குப் பழைய குவாரி ஊற்றில் இறங்கி மூழ்கிவிட்டார் என்று ஒரு தாள் முழுக்க எழுதி வைத்திருந்தார். கீழே மனைவியின் கைநாட்டு விழுந்தால் அவர் அரியலூருக்குத் திரும்பிச் சாப்பிடலாம்.

வீராயி டிபன் கேரியரை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டைவிரல்கள் இரண்டும் உள்ளே மடங்கியிருந்தன.

நாங்கள் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தோம். மணி பதினொன்றரை. எட்டு மணிக்கே கரையில் இருந்திருக்க வேண்டியவர்கள்.

தாமதத்துக்குக் காரணம் நான். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஏழு மணிக்கு குன்னம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. "இன்னும் ஒரே ஒரு செட் இட்லி டீச்சர், சின்ன வெங்காய சாம்பார் கூப்பிடுது" என்றேன். சாம்பார் கூப்பிட்டது, பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு வழியில் டயர் வெடித்தது. இப்போது ஐம்பதடிப் பள்ளத்தின் விளிம்பில் நின்று, வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர்களுக்கு நடுவே கண்ணைப் பறிக்கும் பச்சையில் கிடந்த அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது, நான் கேட்டு வாங்கிய மூன்றாவது இட்லி இன்னும் தொண்டையிலேயே நின்றது.

பயந்தால் எனக்குச் சிரிப்பு வரும். சின்ன வயதிலிருந்தே இந்த வியாதி. சாவு வீடுகளுக்கு என்னை யாரும் அழைத்துப் போவதில்லை. அந்தப் பள்ளத்தின் விளிம்பில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"அம்சா, சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சு முடிச்சிடு. கீழ போய்ச் சிரிச்சா கல்லால அடிப்பாங்க" என்றார் டீச்சர்.

டீச்சர் என்றால் ஜெகதாம்பாள். திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் பௌதிகம் நடத்திவிட்டு, ஒருநாள் சாக்பீஸைக் கீழே வைத்து, தில்லைநகரில் துப்பறியும் ஆபீஸ் திறந்தவர். நான் அவருடைய பழைய மாணவி. பௌதிகத்தில் நாற்பது மார்க். "மிச்ச அறுபதையும் வேலை செஞ்சு கழி" என்று சேர்த்துக்கொண்டார்.

எங்களை வரச் சொன்னது தர்மராஜேதான். அவர் எழுதிய கடிதம் என் கைப்பையில் இருந்தது. பழைய குவாரி ஊற்றும் ஊரின் கிணறுகளும் ஒரே தண்ணீர் என்பது அவர் கட்சி. புதுக் குவாரிக்காரர்களோ அந்த ஊற்றை இறைத்து வற்ற வைத்துவிட்டுத் தோண்டப் பார்த்தார்கள். 'தண்ணிக்கு அடியில ஒரு குகை போகுது டீச்சர். அது வழியாப் போய்க் கண்ணால பாத்துட்டு வரேன். நான் சொன்னா தாசில்தார் சிரிப்பார். கரையில நீங்க சாட்சியா நின்னா சிரிக்க மாட்டார்.'

சாட்சி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பள்ளத்துக்குள் இறங்கும் லாரிப் பாதையில் டீச்சர் விறுவிறுவென்று போனார். பக்கத்துப் புதுக் குவாரியின் கிரஷர் கடகடவென்று உலகத்தையே அரைத்துக்கொண்டிருந்தது. காதோடு காதாகக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. தண்ணீரோரம் முப்பது பேர் இருந்தார்கள். மேளத்துக்கு ஆள் போய்விட்டதாக ஒருவர் சொன்னார்.

கரையில் ஒரு சாக்குக் குவியல்மேல் ஒருவன் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். ராசாங்கம். வீராயியின் தம்பி. கிணற்றுக்குள் இறங்குவதுதான் அவன் தொழில். தூர் வாருவான், விழுந்த குடத்தை எடுப்பான், மோட்டார் குழாயின் அடியில் அடைத்த ஃபுட்வால்வைக் கழற்றுவான். மச்சான் இறங்கியபோது கரையில் நின்றவன் அவன் ஒருவன்தான்.

"என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"எட்டு மணிக்கு எறங்குனாருங்க. அரைமணி நேரம் குமிழி வந்துச்சு. அப்பறம் நின்னுபோச்சு. அவ்வளவுதாங்க."

"எவ்வளவு பெருசு குமிழி?"

"எலுமிச்சம்பழம் அளவுங்க."

"ஒண்ணொண்ணா வந்துச்சா, கொத்தாவா?"

"கொத்துக் கொத்தாங்க. கண்ணு கொட்டாமப் பாத்தேன். எங்க தொழில்ல அதானுங்க கணக்கு. குமிழி வந்தா ஆள் இருக்கு. நின்னா ஆளத் தூக்கணும்."

"கயிறு?"

"அது... உள்ளயே போயிடுச்சுங்க."

டீச்சர் என்னைப் பத்தடி தள்ளி அழைத்துப் போனார். "கடிதத்துல ரெண்டாம் பக்கம் படி."

படித்தேன். கடற்படையில் கழித்துப்போட்ட மூச்சுக் கருவி ஒன்றை தர்மராஜ் வாங்கி, பழுது பார்த்து வைத்திருந்தார். ரீபிரீதர் என்று பெயர். ஒரு ரப்பர் பை, ஒரு சின்ன ஆக்சிஜன் குப்பி, ஒரு தகர டப்பா நிறையச் சுண்ணாம்புக் குருணை. விட்ட மூச்சு குழாய் வழியாக டப்பாவுக்குள் போகும். கெட்ட காற்றைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். மிச்சம் திரும்ப வாய்க்கே வரும். 'குகைக் கூரை முழுக்கப் பொடி மண் டீச்சர். குமிழி பட்டாலே உதிர்ந்து கண்ணு தெரியாமப் போயிடும். இந்தப் பெட்டியிலே ஒரு குமிழிகூட வெளியே வராது.'

கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை படித்தேன்.

"ஒரு குமிழிகூட வராதா? அப்ப இவர் பாத்த எலுமிச்சம்பழம்?"

"நீயே சொல்லு."

"உள்ள யாராவது கோலி சோடா உடைச்சிருக்கணும். இல்லேன்னா இவர் புளுகறார்."

"புளுகறவன் ஏன் அழறான்? இவ்வளவு மூக்கு நடிப்புல ஒழுகாது." டீச்சர் திரும்பிப் பார்த்தார். "அவன் எதுமேல உக்காந்திருக்கான்?"

"சாக்குமேல."

"சாக்குக்கு அடியில?"

நாங்கள் திரும்பிப் போனோம்.

"தண்ணியில எறங்குனீங்களா ராசாங்கம்?"

"இல்லைங்க. மச்சான் கரையை விட்டு நகரவே கூடாதுன்னுட்டாரு. கணுக்கால்கூட நனையல."

"எந்திரிங்க."

அவன் எழுந்தான். வேட்டியின் பின்புறம் தோசைக்கல் அளவுக்கு வட்டமாக நனைந்திருந்தது.

சிரித்துவிட்டேன். முந்தானை எட்டவில்லை. முப்பது முகங்கள் என் பக்கம் திரும்பின. அந்த அவமானத்திலும் என் கை சாக்கை இழுத்துவிட்டிருந்தது. அடியில் சுருள் சுருளாக நைலான் கயிறு, சொட்டச் சொட்ட ஈரம். கடிதத்தில் சொல்லியிருந்தபடியே, முழக் கணக்கில் இல்லாமல் பாகத்துக்கு, அதாவது ஆறடிக்கு, ஒன்றாக நூற்றுப் பத்து முடிச்சுப் போட்டிருந்தது.

"ஏன்டா!" வீராயி வந்து நின்றாள். டிபன் கேரியர் இன்னும் இடுப்பில். "கயிறு உள்ள போயிடுச்சுன்னியே. கயித்த ஏன்டா இழுத்த?"

ராசாங்கம் அக்காவின் காலடியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"குமிழியே வரலக்கா! எறங்குன நேரத்துலேருந்து ஒண்ணுகூட வரல. வராதுன்னு மச்சான் சொன்னாருதான். சொன்னா? இருவது வருசமா குமிழியப் பாத்தே பொழைக்கறேன், கண்ணு கேக்குமா? ரெண்டு தடவ சுண்டுனேன், பதில் சுண்டல. மூச்சு நின்னுபோச்சுன்னு இழுத்தேன். இழுக்க இழுக்க வந்துச்சு. வெறும் முனை வந்துச்சுக்கா. அவரு வழி தெரிஞ்சு திரும்பறதுக்கு இருந்தது அந்தக் கயிறு ஒண்ணுதான். நான்தான் கொன்னுட்டேன்."

 அவன் சொன்ன பொய்யை யோசித்தேன். வராத குமிழிகளை அவன் ஒவ்வொன்றாக ஊதி உண்டாக்கியிருந்தான். மச்சான் அரைமணி நேரமாவது நன்றாக மூச்சு விட்டார் என்று ஊருக்கும், தனக்கும் சொல்லிக்கொள்ள. பஸ் தவறிய பிறகு நானும் டீச்சரிடம் அப்படித்தான் சொன்னேன், "எட்டு மணின்னா ஒம்பதுக்குத்தான் எறங்குவார்" என்று. அதுவும் ஒரு எலுமிச்சம்பழக் குமிழிதான்.

டீச்சர் என் காதில் சொன்னார். "டப்பாவில இருக்கற சுண்ணாம்பு ரெண்டு மணி நேரம் தாங்கும். எறங்கி மூணே முக்கால் மணி நேரம் ஆச்சு. தலைக்கு மேல காத்து இருக்கற இடத்துல இருந்தாத்தான் ஆள் இருக்கார். அந்த முனையக் காட்டு."

முனையைத் தேடி எடுத்து நீட்டினேன்.

"அறுந்திருக்கா?"

"இல்ல."

"நழுவியிருந்தா?"

"சுருக்கு அப்படியே இருக்கும். இது நேராத் தொங்குது. யாரோ அவிழ்த்திருக்காங்க."

"இருட்டுல, தண்ணிக்கு அடியில, உசிரே அந்தக் கயித்துலதான்னு தெரிஞ்சவன் அதை அவிழ்ப்பானா?"

எனக்குக் காது சூடேறியது. "மாட்டான். தலையை வெளிய நீட்டினப்பறம்தான் அவிழ்ப்பான்!"

"நாற்பது மார்க் போட்டது தப்போ" என்றார் டீச்சர். "எந்த இடத்துல நீட்டினான்? அதைச் சொல்லு."

அதைச் சொல்லத் தெரியவில்லை. கயிற்றை மூக்கருகே பிடித்துக்கொண்டு நின்றேன். பாசி வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை. ஒரு கணம் என் வாயிலிருந்தே வருகிறது, காலையில் தின்ற பாவம் என்னைத் தேடி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"டீச்சர், இந்தக் கயிறு சாம்பார் வாடை அடிக்குது."

"அம்சா."

"சத்தியமா!"

கடைசி முடிச்சை நகத்தால் நெகிழ்த்தினேன். இடுக்கில் நாலைந்து சருகுகள் ஒட்டியிருந்தன. ஊதா நிறத்தில், தும்பியின் இறக்கைபோல மெல்லிசாக. சின்ன வெங்காயத் தோல்.

டீச்சர் அதில் ஒன்றை வெயிலில் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் நான் பள்ளிக்கூட நாட்களிலிருந்தே அறிந்த ஒரு வெளிச்சம் வந்தது. கணக்கு வந்துவிட்டால் வரும் வெளிச்சம். "குகைக்குள்ள வெங்காயம் விளையாது. வீராயி, இங்கேருந்து நூத்திப் பத்து பாகத்துக்குள்ள, வெங்காயத் தோல் பறந்து விழற மாதிரி கிணறு எது?"

வீராயி யோசிக்கவே இல்லை. "வெங்காயம் சேத்து வைக்கற பட்டறைய ஒட்டிக் கெணறு இருக்கறது கொளஞ்சியக்கா கொல்லையில மட்டுந்தான். வெங்காயத்தப் பட்டறையில போட்டுட்டு, அங்கனயே ஒக்காந்து தோலப் பொடைப்பாங்க. கெணறு பூரா தோலு மெதக்கும்."

சொல்லிக்கொண்டே ஓடத் தொடங்கியிருந்தாள்.

நாங்கள் எல்லோரும் ஓடினோம். லாரிப் பாதையில் மேலே ஏறி, கள்ளிவேலியில் புகுந்து, பருத்திக் காட்டைக் குறுக்கே வெட்டி. நூற்றுப் பத்து பாகக் கயிறு என் தோளில். ஓட ஓட அது அவிழ்ந்து எனக்குப் பின்னால் வாலாக நீண்டது. அதை மிதித்துத் தடுக்கி ஏட்டு விழுந்தார். அவர் எழுதிய தாள் பறந்து போனது. யாரும் பொறுக்கவில்லை. வீராயியின் டிபன் கேரியர் கிணுகிணுவென்றது. டீச்சர் ஐம்பது வயதில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வரப்பைக் குறுக்கே தாண்டினார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இந்த முறை அது பயமா, வேறு ஏதாவதா என்று எனக்கே தெரியவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ கட்டவிழ்ந்து மேலே மேலே வந்தது.

கீற்று வேய்ந்த வெங்காயப் பட்டறைக்கு முன்னால் கொளஞ்சியம்மாள் கையில் வேப்பிலைக் கொத்தோடு நின்றாள். கிணற்று மேட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. மூன்று எலுமிச்சம்பழங்களும் இருந்தன. அந்த நாளுக்கு எலுமிச்சம்பழத்தை விட்டால் வேறு கதியில்லை போலும்.

"கிட்ட வராதீங்க! கெணத்துல முனி எறங்கியிருக்கு. காலையிலேருந்து இருக்கு. பூசாரிக்கு ஆளு போயிருக்கு."

"எப்படி இருந்துச்சு?" என்றார் டீச்சர், மூச்சு வாங்க.

"கறுப்பா. கண்ணு ஒண்ணு, இம்மாம் பெருசு கண்ணாடி மாதிரி. வாயிலேருந்து தும்பிக்கை தொங்குது. மொளகா நாத்துக்குத் தண்ணி சேந்த வந்தேன். தண்ணியப் பொளந்துக்கிட்டு வருது ஆத்தா! கயித்து ஏணிய மேல இழுத்துப் போட்டுட்டு ஓடுனேன். அது என்னப் பேரு சொல்லிக் கூப்புட்டுச்சு!"

"பேரு சொல்லியா?"

"கொளஞ்சியக்கா, கொளஞ்சியக்கான்னு. ஒட்டிப்போன தொண்டையில. ரெண்டு தடவ. மூணாவது தடவ கூப்புட்டாத்தான மனுசன்? நானும் காதத் தீட்டிக்கிட்டு நின்னேன். கூப்புடல. அப்ப முனிதான?"

"இருமிக்கிட்டிருந்திருப்பார்க்கா!" என்று கத்தினேன். "அவருக்கு மூணாவதுக்கு அவகாசம் குடுக்கக் கூடாதா?"

"இப்பவும் கூப்புடறாரா?" வீராயி கேட்டாள். முதல் தடவையாக அவள் குரல் இறங்கியிருந்தது.

கொளஞ்சியம்மாள் அவளைப் பார்த்தாள். டிபன் கேரியரைப் பார்த்தாள். ஏதோ புரிந்து வேப்பிலையைக் கீழே போட்டாள். "இல்லடி. அப்பப்ப முனகல் கேட்டுச்சு. ஒரு மணி நேரமா அதுவும் இல்ல."

கிணறு சதுரமாக, அறுபதடி ஆழத்துக்கு இறங்கியது. பக்கச் சுவரில் துருத்திய படிக்கற்கள் பாதியோடு நின்றுவிட்டன. வெடி வைத்து ஆழப்படுத்திய கீழ்ப் பாதி வழவழவென்று வெள்ளைப் பாறை. அடியில் வெங்காயத் தோல் மிதக்கும் பச்சைத் தண்ணீர். மோட்டார் குழாயை ஒட்டி ஒரு பாறைத் திட்டு. அதன்மேல் கறுப்பு ரப்பர் உடையில் ஒரு உருவம் மல்லாந்து கிடந்தது. அசையவில்லை.

 வீராயி விளிம்பில் மண்டியிட்டாள். அவள் புருஷன் பெயரைச் சொல்லி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை என்பது அவள் வாய் திறந்து மூடிய விதத்தில் தெரிந்தது.

"ஏங்க."

அந்தச் சத்தம் சுவர்களில் மோதி மோதிக் கீழே போனது.

"ஏங்க!"

ஒன்றும் இல்லை. என் நகங்கள் டீச்சரின் கையில் பதிந்திருந்தன.

வீராயி மூச்சை இழுத்தாள். "இந்தாய்யா! மூணாவது தடவ கூப்புடறேன்!"

உருவத்தின் வலது கை மெல்ல உயர்ந்தது. கட்டைவிரல் மேலே நின்றது. தூங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

கொளஞ்சியம்மாள் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். ராசாங்கம் யாரையும் கேட்கவில்லை. என் தோளிலிருந்து கயிற்றைப் பிடுங்கிப் பூவரச மரத்தில் கட்டி, அணில்போல இறங்கிப் போனான்.

கால் மணி நேரத்தில் தர்மராஜ் மோட்டார் தொட்டி ஓரம் உட்கார்ந்திருந்தார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். உதடெல்லாம் வெந்திருந்தது. பேச்சு காற்றாகத்தான் வந்தது. ராசாங்கம் பத்தடி தள்ளி மோட்டார் ரூம் சுவரைப் பார்த்து நின்றான்.

"மச்சான், நான்தான் கயித்த இழுத்தேன்" என்றான் சுவரிடம்.

"தெரியும். அவிழ்த்துக் குழாயில கட்டலாம்னு திட்டுமேல வச்சேன். சாரைப்பாம்பு மாதிரி ஓடிப்போச்சு."

"ஊருக்குப் பொய்யும் சொன்னேன். எலுமிச்சம்பழம் அளவுக்குக் குமிழி வந்துச்சுன்னு."

தர்மராஜ் தோளிலிருந்த தகர டப்பாவைக் கழற்றினார். மூடியைத் திறந்து தலைகீழாகக் கவிழ்த்தார். குருணை விழவில்லை. வெள்ளைக் கூழ் வழிந்தது.

"பாத்தியா? மூச்சுக் குழாய்ல எங்கயோ கசிவு. சுண்ணாம்பு நனைஞ்சு, தொண்டைய வேக வச்சிடுச்சு. கெட்ட காத்து தலைக்கு ஏறி, திட்டுமேல தனியா உக்காந்து சிரிக்கறேன். அடக்கவே முடியல. அந்த லட்சணத்துல எனக்குத் தோணினது ஒண்ணுதான். வந்த வழியே திரும்பிப்போய் டீச்சர் முன்னாடி எழுந்திரிக்கணும். கயிறு மட்டும் கையில இருந்திருந்தா, மறு பேச்சில்லாமக் குதிச்சிருப்பேன். பாதிக் குகையில முடிஞ்சிருக்கும். கயிறு இல்லையேன்னுதான் உக்காந்தேன் மாப்ள. உக்காந்ததாலதான் தலை தெளிஞ்சுது."

ராசாங்கம் திரும்பினான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறர் முகத்தில் இருந்து அவ்வளவு பெரிய பாரம் இறங்குவதை அருகில் நின்று பார்ப்பது சரியில்லை. ஆனாலும் பார்த்தேன். நான் தவறவிட்ட பஸ் மட்டும் யாரையும் காப்பாற்றவில்லை என்பதும் நினைவில் இருந்தது.

டீச்சர் வெங்காயத் தோலைத் தன் நோட்டுப் புத்தகத்தில் வைத்து மூடினார். "அந்தத் தண்ணிதான் இந்தத் தண்ணி. தாசில்தார் சிரிக்கட்டும் பாக்கலாம்." பிறகு என் பக்கம் குனிந்து, "ரெண்டாவது செட்ல ஒண்ணை நானும் எடுத்துக்கிட்டேன், ஞாபகம் இருக்கா?" என்றார்.

வீராயி கேரியரைத் திறந்தாள். பழைய சோறு வெயிலில் புளித்து நுரைத்திருந்தது. "ஒம்பது மணிக்குத் திங்க வேண்டியத இப்பக் குடுக்கறேன். வாயத் தொறந்து குறை சொன்னீங்க, திரும்பக் கெணத்துல தள்ளிடுவேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

தர்மராஜ் சோற்றை வாங்கவில்லை. "மாப்ள, இங்க வா. ஊருக்கு நீ சொன்னது பொய்யா இருக்க வேண்டாம்."

சொல்லிவிட்டுத் தொட்டித் தண்ணீருக்குள் முகத்தை முழுசாக அமிழ்த்தினார்.

குமிழிகள் வந்தன. கொத்துக் கொத்தாக, வெயிலில் மின்னிக்கொண்டு, எலுமிச்சம்பழம் அளவில். கொளஞ்சியம்மாள் கைதட்டினாள். நான் வாயை மூடாமல் சிரித்தேன், யாரும் கல்லெறியவில்லை. ராசாங்கம் மட்டும் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து. எட்டு. பிறகு சின்னதாக ஒன்று. பிறகு ஒன்றுமில்லை.

அடுத்த நொடி மச்சானின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து வெளியே தூக்கிவிட்டான்.